கதவு ஒரு சாண் திறந்தபோது

1

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மீது ஆணை. சத்தியம் செய்யும் அளவுக்கு இன்னும் சில இருக்கின்றன. கடைசியாகப் போன பல்லிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது.

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தீப்பிடித்த கிடங்கு, அதன் இரும்புக் கதவு, முன்னால் கூட்டம். 'உள்ளே இருப்பவரின் கதி என்ன?' கதவு ஒரு சாண் திறந்தது. உடனே மெத்தை விளம்பரம். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பல்லைப் பிடுங்கி, பஞ்சை அடைத்து, வெளியே அனுப்பினார்கள். கதவு அதே ஒரு சாணில் நின்றது.

"ஆள் வந்துட்டானாம்மா?" என்று பஞ்சோடு கேட்டேன்.

"இன்னும் இல்ல தாத்தா," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "நானும் காலையிலேர்ந்து பாக்குறேன். மெத்தை வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

2

அந்தக் கதவை அங்கே நிறுத்தியது யார்?

முதல் வரைவில் அது ஓர் ஆண். பெரிய மீசை. கதையில் மீசைக்கு வேலையில்லாததால் அடித்துவிட்டேன். ஆளும் கூடவே போய்விட்டார். இப்போது அது ஒரு பெண். செய்தி அலைவரிசையில் படத்தொகுப்பு வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'கத்தரி அக்கா'.

ஒருமுறை மின்தூக்கியில் மாட்டிய பூனையின் படம் அவரிடம் வந்தது. கதவு திறக்கத் தொடங்கியதும் படத்தை அப்படியே வெட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. ஆனால் விளம்பரம் முடியும்வரை ஒருவர்கூட அலைவரிசையை மாற்றவில்லை. அன்றிலிருந்து அது அலுவலகச் சட்டமானது. பெயர், சாண் வெட்டு. எந்தக் கதவும் ஒரு சாணுக்கு மேல் திறக்கக்கூடாது. மீதி, இடைவேளைக்குப் பிறகு.

(பூனைக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அதைப் பிறகு ஒளிபரப்ப மறந்துவிட்டார்கள்.)

3

உண்மையில் அன்று எரிந்தது அட்டைப்பெட்டிக் கிடங்கின் மூலையில் ஒரு குப்பைத்தொட்டி. அப்படியே எழுதிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாம் வரைவில் பாதிக் கிடங்கைக் கொளுத்தினேன். செய்தி ஆசிரியரும் அதைத்தான் செய்தார். இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

படம் கத்தரி அக்காவின் திரைக்கு வந்தது. கதவு திறக்கிறது. புகைக்குள்ளிருந்து ஓர் ஆள் இருமிக்கொண்டே நடந்து வருகிறான். கையில் டிபன் டப்பா. அந்தக் கிடங்கில் கணக்கு எழுதும் அவருடைய சொந்தத் தம்பி.

அவர் கண்களில் கண்ணீர் திரண்டு...

(இல்லை. திரளவில்லை. அவருக்கு இருந்தது அலுப்புதான். பிழைத்த தம்பியைத் திரையில் பார்த்தபோதுகூட எந்த இடத்தில் வெட்டலாம் என்றுதான் கை தேடியது. அது தெரிந்தபோதுதான் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.)

அப்புறம் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா வீட்டில் தனியாக இருப்பவர். ஒருமுறை மாரடைப்பு வந்து போயிருந்தது. காலை முதல் இந்த அலைவரிசைதான் பார்ப்பார். விளம்பரங்களையும் மகள்தான் செய்கிறாள் என்று நம்பி, அவற்றையும் விடாமல் பார்ப்பார்.

அம்மாவைப் போனில் அழைத்தார். அணைந்திருந்தது. தம்பியின் போன் கிடங்கில் எரிந்துபோயிருந்தது.

(பக்கத்து வீட்டுக்கு அழைக்கலாமே என்பீர்கள். அங்கே ஆளிருந்தால் எனக்குக் கதை ஏது?)

4

"சார், இது என் தம்பி. தப்பிச்சு வந்துட்டான்."

"அப்பாடா! கடவுள் இருக்காரும்மா," என்றார் செய்தி ஆசிரியர். நிஜமாகவே மகிழ்ந்தார், கெட்டவரில்லை. "சரி, கதவு ஒரு சாண் தொறந்ததும் வெட்டிடு."

"எங்கம்மா பாத்துக்கிட்டிருப்பாங்க சார்."

"எல்லார் அம்மாவும்தான் பாக்குறாங்க. அதுக்குத்தானே மெத்தைக்காரர் காசு குடுக்குறாரு?"

"அவங்களுக்கு நெஞ்சு வலி இருக்கு."

"ரெண்டே நிமிஷ இடைவேளை."

"போன தடவையும் ரெண்டே நிமிஷம்னீங்க. நாலு தடவை இடைவேளை விட்டீங்க."

"நீ கண்டுபுடிச்ச வெட்டு, இப்ப உனக்கே கசக்குதா?"

இத்தனை வருடமாக அந்த ஒரு சாண் இடுக்கில் எத்தனை அம்மாக்களை உட்காரவைத்தோம் என்று கத்தரி அக்கா எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார். களைப்பாக இருந்தது.

விரல் விசைக்கு மேலே நின்றது.

5

இந்த இடத்தில் என் கதையைச் சற்றே நிறுத்துகிறேன். நல்ல மெத்தை முதுகுக்கு நல்லது என்கிறார்கள்.

எங்கே விட்டேன்? ஆம், விரல். என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

அ) கதவை முழுதாகத் திறந்துவிடுகிறார். தம்பி டிபன் டப்பாவோடு ஊருக்கே தெரிய நடந்து வருகிறான். 'வந்துட்டானா, சரி' என்று மக்கள் அலைவரிசையை மாற்றிக்கொண்டு போகிறார்கள். கத்தரி அக்காவுக்கு வேலை போகிறது.

ஆ) வெட்டுகிறார். திரையில் ஒரு பெண் மெத்தையில் புரண்டு சிரிக்கிறாள். வீட்டில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு... இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் இந்த முடிவைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது அனுபவம்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு தகவலை மட்டும் இடைவேளைக்குப் பிறகு சொல்லலாம் என்று முதல் வரியிலிருந்தே கையில் வைத்திருந்தேன்.

அன்று விடிந்ததிலிருந்து அம்மாவின் தெருவில் மின்சாரம் இல்லை; அவர் வெறும் தரையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.