இப்போது கேட்பவர்கள்

அத்தான் சின்னவளை வீட்டு இணைய வானொலியிலிருந்து கழற்றிவிட்டது, வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது.

"உன் குரலக் கேட்டா வர்றவனும் ஓடிடுவாம்மா. இனிமே நானே பேசிக்கிறேன்."

அக்கா தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். சின்னவள் சிரித்து மழுப்பினாள். அந்த இணைய வானொலிக்கு மென்பொருள் போட்டவள் அவள், பாட்டு அடுக்கியவள் அவள், ஒலிவாங்கி முன் முதல் வணக்கம் சொன்னவளும் அவள்தான். மறுநாள் கடவுச்சொல் மாறியிருந்தது.

அவளுக்கு வேலை அச்சகத்தில், கணினியில் பக்கம் வடிவமைப்பது. என்னதான் கிழிக்கிறார் பார்ப்போம் என்று ஒரு நாள் அங்கே அந்த வானொலியின் பக்கத்தைத் திறந்தாள். கீழே சிறிய எழுத்தில், 'இப்போது கேட்பவர்கள்: 0'. ஒலிக்க வைத்தாள். ஒன்று ஆனது. திரையில் இன்னொரு ஜன்னல் திறந்து அதிலும் ஒலிக்க வைத்தாள். இரண்டு.

அவள் கை மேசைமேல் அப்படியே நின்றது.

பழைய வானொலி காற்றில் இறைத்துவிட்டுப் போய்விடும். யார் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. இணைய வானொலி அப்படியல்ல. கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு குழாய் இழுத்துக் கொடுக்கும். எத்தனை குழாய் என்று எண்ணத் தெரியும். மறுமுனையில் காது இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது.

அன்றிலிருந்து தினமும் ஓரிரு ஜன்னல் கூடுதலாகத் திறந்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும்.

"நாப்பது பேரு கேக்குறாங்க, தெரியுமா?" என்றார் அத்தான் ஒரு மாதம் கழித்து. "உன் காலத்துல ஈ கூட எட்டிப் பார்க்கல."

"பெரிய விஷயம்தான் அத்தான். எல்லாம் உங்க குரல் ராசி."

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல."

விளம்பரம் கேட்டு மரச்சாமான் கடை முதலாளியை ஞாயிறு நிகழ்ச்சிக்கே அழைத்துவிட்டார் அத்தான். அச்சகத்துக்கு அன்று விடுமுறை. சாவி சின்னவளிடம் இருந்தது.

"நாப்பத்திரண்டு பேர் நம்மோட இருக்காங்க," என்றது அத்தானின் குரல். காதில் மாட்டியிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டு அவள் ஜன்னல்களை மூடத் தொடங்கினாள். நிதானமாக, வெங்காயத் தோல் உரிப்பதுபோல. அத்தானின் திரையில் எண் உடனே இறங்கும். ஆனால் அவர் பேச்சு துண்டு துண்டாகச் சேர்ந்து அவளை வந்தடைய அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் அவர் பெருமையடித்துக்கொண்டேயிருந்தார். அவள் ரசித்துக் கேட்டாள்.

பிறகு முதலாளியின் குரல். "என்ன தம்பி, குறையுது? நான் பேச ஆரம்பிச்சதாலயா?"

"இல்லண்ணே, அது... கொஞ்சம் இருங்க."

"பன்னெண்டுங்குது. இப்ப அஞ்சுங்குது. என் கடையில கதவ மூடினாக்கூட இவ்வளவு வேகமா யாரும் வெளிய போக மாட்டாங்களே."

கடைசி ஜன்னலை மட்டும் விட்டுவைத்தாள். அவர் தவிப்பதைக் கேட்க அது வேண்டும்.

"ஒருத்தர் இருக்கீங்க," என்றார் அத்தான். குரல் வறண்டிருந்தது. "யாரோ தெரியல. தயவுசெஞ்சு போயிடாதீங்க."

அவள் விரல் ஒரு கணம் தளர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் விட்டிருப்பாள்.

"மெஷின் கோளாறுண்ணே. என் மச்சினி மாட்டி வெச்சது. அரைகுறை வேலை. அவள அன்னைக்கே துரத்தியிருக்கணும்."

அவள் ஒலியை நிறுத்தினாள். எண் சுழியமானது.

அச்சகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அங்கே அவர் இப்போது கெஞ்சுகிறாரா, கத்துகிறாரா, முதலாளி எழுந்து போய்விட்டாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஒரு சொடுக்கு போதும். ஆனால் உள்ளே நுழைந்தால் எண் மறுபடி ஒன்றாகிவிடும். அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும்.

இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அந்தச் சுழியத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.