எட்டாவது கழகத்திலிருந்து ஒருவர்

1.

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று சொல்லாதீர்கள். தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் எழுபதாம் ஆண்டு மலருக்கு, 'சம்மேளனத்தின் பங்கும் வளர்ச்சியும்' என்ற தலைப்பில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். எனக்குக் கால்பந்தில் அனா ஆவன்னா தெரியாது என்று பொதுச் செயலாளரிடம் சொன்னேன். அதுதான் வேண்டும், தெரிந்தவர்கள் எழுதினால் அடிதடி ஆகிவிடும் என்றார். மனுஷர் நேர்மையானவர்தான்.

முதல் தொடக்கம்: "சைக்கிள் கடை மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலியோடு தொடங்கிய நமது சம்மேளனம், இன்று ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில்" — போதும். எந்த ஆண்டு மலரைப் பிரித்தாலும் இந்த மாடிப்படி ஏறித்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "நடுவர்களுக்குத் தேர்வு, பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ், பெண்களுக்குத் தனி லீக், வயதைக் குறைத்துச் சொல்பவர்களுக்கு எலும்புச் சோதனை என்று, தெருவில் கிடந்த ஒரு விளையாட்டை ஒழுங்குக்குள் கொண்டுவந்ததில் இவ்வமைப்பின்" — எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாம் தொடக்கம்: "முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் முதல் பிரிவில் ஏழு கழகங்கள் ஆடின. பதிவேட்டில் எட்டு இருந்தன."

இதில்தான் மாட்டிக்கொண்டேன்.

2.

மூன்றாம் மாடியில் பதிவு அறை. இரும்பு அலமாரிகள், அவற்றில் ஆட்டக்காரர்களின் பதிவட்டைகள், நடுவில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அட்டை அக்கா. முப்பத்துமூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறார். அவரைவிட மூத்தவரான பொதுச் செயலாளரே அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஏழு எப்படி எட்டானது என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது இது. அந்த வருடம் சம்மேளனத்தில் குடுமிப்பிடி. இரண்டு தலைவர்கள், இரண்டு முத்திரைகள். உலக அமைப்பு பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் நம்மை இடைநீக்கம் செய்துவிட்டது. திரும்பச் சேர்க்க ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முதல் பிரிவில் குறைந்தது எட்டுக் கழகங்கள் வேண்டும். நம்மிடம் ஏழு. அன்றைய செயலாளர் வெற்றுப் பட்டியல் ஒன்றை இவரிடம் நீட்டி, பதினொரு பெயர் எழுதச் சொன்னார், அடுத்த வருடம் நிஜமாகவே ஒரு கழகம் வந்துவிடும் என்றார். நான்கு மணித் தபாலில் போகவேண்டும். பத்துப் பெயர்களைக் கற்பனையில் எழுதிவிட்டார். பதினொன்றாவது வரவில்லை. வீட்டில், படித்து முடித்துவிட்டு வேலை இல்லாமல், சோபாவே கதி என்று இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான்.

"அவன் பேருதான் அந்த நேரத்துல கைக்கு வந்துச்சு" என்றார்.

(* எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பாத்திரத்துக்குப் பெயர் கிடைக்காவிட்டால் வீட்டில் கிடப்பதைத்தான் எடுப்போம். என் முதல் கதையில் வரும் திருடனுக்கு என் மாமனார் பெயர். இன்றுவரை அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.)

சம்மேளனத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பருவத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு முன்னால் எழுந்தறியாத தம்பி விடிந்ததும் எழுந்து, கான்வாஸ் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கேடா என்று கேட்டதற்கு, "ஆட்டம் இருக்குக்கா" என்றான். தெருவில் கிடந்த கல்லைக்கூட எத்தி விளையாடாத பிள்ளை. அக்கா சிரித்துக்கொண்டே வாசல்வரை வந்து அனுப்பினார். அவன் திரும்பி வரவில்லை.

3.

போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பரில் போட்டோ, எல்லாம் செய்தார்கள். இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல நடுவர்களின் அறிக்கைகள் அக்காவின் மேசைக்கு வந்தன. ஒன்றில் இப்படி இருந்தது:

"எட்டாவது கழகத்திலிருந்து ஒருவர் மட்டும் வந்திருந்தார். ஏழு பேர் இல்லாததால் ஆட்டம் தொடங்கவில்லை. எதிரணிக்கு வெற்றி. அவர் தொண்ணூறு நிமிடமும் நடுவட்டத்தில் நின்றார்."

ஓர் அணியில் ஏழு பேராவது இருந்தால்தான் ஆட்டம் தொடங்கலாம். எனக்கே இப்போதுதான் தெரியும்.

முப்பத்தொரு ஆண்டு அறிக்கைகளையும் வாங்கிப் படித்தேன். நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நடுவர்கள் மாறியிருக்கிறார்கள், கையெழுத்து மாறியிருக்கிறது, இரண்டே இரண்டு அறிக்கைகளைத் தவிர வாக்கியம் மாறவில்லை. முதல் பிரிவில் புதிய கழகங்கள் எத்தனையோ வந்த பிறகும் இந்த எட்டாம் எண்ணை ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். யார் எடுக்கச் சொல்வார்கள்? வியர்வை சிந்தாமல் எல்லாருக்கும் வருடத்துக்கு இரண்டு வெற்றி. ஒழுங்குமுறை அமைப்பு என்றால் இப்படியும்தான் வளரும். [இந்த வரியைக் கட்டுரையில் போட்டிருந்தேன். பொதுச் செயலாளர் பென்சிலால் சுழித்துவிட்டார்.]

மைதானத்தில் கோடு போடுகிற பெரியவரைப் போய்ப் பார்த்தேன். நடுவட்டத்துக்குச் சுண்ணாம்பு போடும்போது, கொஞ்சம் நகருங்க தம்பி என்பாராம், அவனும் நகர்வானாம். முகம் எப்படி இருக்கும் என்றேன். யோசித்தார். "பாக்கறப்போ தெரியுது சார். இந்தப் பக்கம் திரும்பினா மறந்துடுது." பிறகு, தலைமுடி மட்டும் இன்னும் நரைக்கவில்லை என்றார்.

அக்கா போய்ப் பார்க்கவில்லையா? இரண்டு முறை போனார். இரண்டு முறையும் நடுவட்டம் வெறுமையாக இருந்தது, இரண்டு அறிக்கையிலும் 'ஒருவரும் வரவில்லை' என்று வந்தது. மூன்றாம் முறை அப்படி வந்தால் கழகம் நீக்கப்படும், அது விதி. அதனால் அவர் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். செவ்வாய்க்கிழமை அறிக்கையைப் பார்த்தால்தான் மூச்சே வரும் என்றார்.

4.

இப்போது அதற்கும் ஆபத்து. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அட்டைகள் எல்லாம் கணினிக்கு மாறுகின்றன. புகைப்படம் வேண்டும், ஆள் உயிரோடு இருக்கவேண்டும். அப்படி ஏழு பேர்கூட இல்லாத கழகத்தைக் கணினி தானாகவே அழித்துவிடும், அதன் ஆட்டக்காரர்களோடு. அதன் பிறகு தம்பி எங்கே நிற்பான் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் எழுதிப் போனான். நீங்க எழுதினா வருவானா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டுரையை ஒதுக்கிவிட்டு, சும்மா ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: கால் வலித்ததால் அவன் நடுவட்டத்தில் உட்கார்ந்தான். இது போன மாதம்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்தார். "உக்காந்துட்டான் சார்" என்று சொல்லிவிட்டு அழுதார். பயந்துவிட்டேன், சொல்வதற்கென்ன.

அதன் பிறகு முடிவுகளாக எழுதித் தள்ளினேன்.

முடிவு அ: அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான், அக்கா திறக்கிறார். இரண்டு பக்கம், நன்றாகவே வந்திருந்தது. அறிக்கை: "எழுபத்தொன்றாம் நிமிடத்தில் பக்கக்கோடு வரை வந்தார். தாண்டவில்லை. திரும்பிச் சென்றார்."

முடிவு ஆ: அவன் அந்த ஞாயிறு வேறு ஊருக்கு ஓடிப்போனவன், அங்கே மனைவி மக்களோடு சௌக்கியமாக இருக்கிறான், அறிக்கைகள் எல்லாம் சோம்பேறி நடுவர்கள் பழையதைப் பார்த்து எழுதியவை. விமரிசகர்களுக்கு இந்த மாதிரி முடிவுதான் பிடிக்கும். அறிக்கை: "அவர் சிரித்தார். காரணம் தெரியவில்லை."

அந்தத் தாளை நான்காய்க் கிழித்துப் போட்டேன்.

முடிவு இ: அவன் — இல்லை, அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

5.

பக்கக்கோட்டை அவன் ஏன் தாண்டவில்லை என்பது எனக்குத்தான் புரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. சம்மேளனத்தின் விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். பதிவான ஆட்டக்காரர் ஒரு முழு ஆட்டமாவது ஆடிய பிறகே கழகத்திலிருந்து விடுபடலாம். அவன் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஏழு பேர் இல்லாமல் எப்படி ஆடுவான்? கற்பனைப் பெயர்கள் பத்தும் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. நிஜமான ஆறு பேர் வேண்டும்.

திங்கட்கிழமை அந்தப் பட்டியலை எனக்குக் காட்டினார். முதல் வரியில் தம்பி, ஓரம் மஞ்சளித்த படத்தோடு. இரண்டாவது வரியில் அக்காவே.* மூன்றாவதில் கோடு போடுகிற பெரியவர். எப்படியும் நான் அங்கேதானே இருக்கிறேன் என்றாராம்.

(* பெண் ஆடலாமா என்று புரட்டிப் பார்த்தேன். ஆண் என்று விதியில் எங்கும் போடவில்லை. அந்தக் காலத்தில் அதைப் போடவேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.)

ஏழு சேராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெயர் எழுதியவர்கள் எல்லாரும் தம்பி மாதிரியே நிற்கவேண்டியதுதானா?

"அதனாலதான் சார் யாரையும் கேக்க வாய் வரல" என்றார் அக்கா. "நானாச்சும் போய் நின்னா அவனுக்குப் பேச்சுத் துணை ஆச்சு. முப்பத்தொரு வருஷமா ஒத்தையா நிக்கிறான்."

6.

அன்றே கட்டுரைக்குப் பதிலாக, நீங்கள் இதுவரை படித்த ஐந்து பகுதிகளை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கட்டுரையை ஒருமுறை பார்த்துவிட்ட பொதுச் செயலாளர், இனி அச்சான பிறகுதான் படிப்பார். புதன்கிழமை மெய்ப்பு திரும்பி வந்தது. மெய்ப்புப் பார்க்கிற அம்மா இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி, ஓர் ஒற்றுப்பிழையை வட்டமிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதி, புகைப்படம் ஒன்றைப் பின்னால் குத்தியிருந்தார். அதன் கீழே பக்கம் அமைக்கிறவரின் பெயரும் படமும். பதறிப்போய் போன் செய்து, அம்மா, இது விளையாட்டில்லை என்றேன்.

"ஒருத்தர் நின்னுக்கிட்டே இருக்காருன்னு படிச்சிட்டு எப்படி சார் அடுத்த பக்கம் திருப்புறது?" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கரைக்கு, அக்கா ஐந்து பேரையும் கணினியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன், எனக்கு மூட்டு வலி உண்டு. ஆறாவது வரியில் என் பெயரை நானே தட்டினேன். ஏழாவது வரி காலி. ஐந்து மணி ஆனது. கணினி கழகத்தை அழிக்கவில்லை. 'விண்ணப்பம் முழுமையடையவில்லை' என்று போட்டு, ஏழாவது வரியில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு நாள் காத்திருக்கும் என்று அக்காவுக்கே தெரியவில்லை.

அச்சகத்தில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை காலை இதை எழுதுகிறேன். எட்டு மணிக்கு முன்னால் எழுந்தறியாதவன் நான். இன்று கண் விழித்தபோது முன்னறையில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். எப்போது வாங்கினேன் என்று நினைவில்லை. என் மனைவி வந்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, இந்த வயசுல இது எதுக்கு? எங்க கிளம்பிட்டீங்க?"

அவளுக்கு எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆட்டம் இருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். வாசல்வரை வருவாள் என்று நினைக்கிறேன்.

7.

இந்தப் பகுதியை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. நான் கற்பனை செய்து எழுதுகிற ஏழாவது ஆள் வரமாட்டார், அது ஏற்கெனவே பத்து முறை நிரூபணமாகிவிட்டது.

வற்புறுத்தவில்லை. உங்களுக்கு வீடு வாசல் இருக்கும், எனக்கும்தான் இருக்கிறது. உங்கள் பெயரை எழுதினால், விதிப்படி தொண்ணூறு நிமிடம். அதற்குப் பிறகு ஏழு பேரும் அவரவர் வீட்டுக்குப் போகலாம், அக்கா வீட்டில் இரண்டாவது தட்டில் ஒருவன் சாப்பிடுவான். விதியில் அப்படித்தான் இருக்கிறது, இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

எழுதாவிட்டாலும் கோபம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். செவ்வாய்க்கிழமை அறிக்கை வரும்: எட்டாவது கழகத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தனர். அடுத்த வாரமும் வரும், அதற்கடுத்த வாரமும். மூன்றாம் மாடியில் அதை வாங்கிப் படிக்க இப்போது யாரும் இல்லை. மேசைமேல்தான் சேர்ந்துகொண்டிருக்கும்.

பெயர்: ................................