மூலைப் படம்

எந்தச் செய்திக்கு எந்தப் படம் என்பது அந்தப் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தையிடம் எவனாவது அத்துமீறிய செய்தி வந்தால், உதவி ஆசிரியர் தலையைக்கூடத் தூக்க மாட்டார். "மூலையைப் போடுங்க சார்" என்பார். அவ்வளவுதான்.

மூலை என்பது ஒரு படம். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. ஏழு வருஷத்துக்கு முன்னால், அவசரத்துக்குப் படம் கிடைக்காமல், பக்கம் வடிவமைக்கிறவர் தன் ஐந்து வயது மகளையே உட்காரவைத்து எடுத்தது. முகம் தெரியாதே, என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. புத்தி கெட்ட நினைப்பு! அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கு நடந்தாலும் பேப்பரில் உட்கார்ந்திருந்தது அவர் பிள்ளைதான். போன வாரம், குழந்தைகளை எப்படிக் காப்பது என்று ஒரு டாக்டர் எழுதிய கட்டுரைக்கும் அதே மூலை.

விடுமுறை நாள், நல்ல வெயில். மகளின் அறைக்கதவைத் தள்ளினார். பன்னிரண்டு வயதுப் பெண், சுவரோரம், முழங்காலைக் கட்டி முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தரையில் பேப்பரிலிருந்து கத்தரித்த மூலைகள், முப்பதுக்கு மேல் இருக்கும். அத்தனையும் ஒரே சிறுமி. மின்விசிறிக் காற்றில் அவை லேசாக எழும்பி எழும்பி அடங்கின.

"என்ன விளையாட்டும்மா இது? எந்திரி."

அவள் முகத்தை எடுக்காமலே கேட்டாள். "இப்படித்தானேப்பா உட்காரணும்?"

"யாரு?"

"அது நடந்த பிள்ளைங்க."

"சீச்சீ, அது வெறும் படம்மா. நீதானே அது!"

"நான் இப்படி உட்காரவே இல்லப்பா." இப்போது நிமிர்ந்தாள். கண்ணில் சொட்டு நீரில்லை. "டியூஷன் சார் வீட்டுலேர்ந்து வந்து சாப்பிட்டேன். அம்மாகிட்ட சிரிச்சுப் பேசினேன். மறுநாள் ஸ்கூலுக்கும் போனேன். அதனால எனக்கு நடந்தது அது இல்லன்னு நெனச்சேன். எல்லாத்தையும் வெட்டி வெச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட என்னை மாதிரி இல்ல."

படங்களை மிதித்துக்கொண்டே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழக் கூடாது, இப்போது அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அதுதாம்மா நடந்திருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லு, அப்பா நம்புறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எந்தத் தடவை நடந்தத சொல்லட்டும்ப்பா?"