பார்வையாளர் நேரத்தில் ஒரு புலி

பாத்திரம் கழுவும் சோப்பும் தோற்ற பிறகு சின்னவன் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். புலி முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது.

குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தட்டுகிற உயரத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கீழே தட்டினால் முயல், பிடிக்குப் பக்கத்தில் தட்டினால் வரிக்குதிரை. இப்போது சத்தம் மேலேயிருந்து வந்தது.

"டேய், போகுதா?" அண்ணன்.

"போகலை."

"அழுத்தித் தேச்சுப் பாரு."

"தேச்சதுல மீசை இன்னும் தெளிவா வந்திருக்கு."

அண்ணன் மகளுக்கு அன்று ஐந்து வயது. வீட்டுக்குள் காடு வேண்டும், வருகிறவர்கள் மிருகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. யார் எந்த மிருகம் என்பதையும் அவளே விரலை நீட்டி முடிவு செய்தாள். குடும்பத்திலேயே குள்ளமான அண்ணனுக்கு ஒட்டகச்சிவிங்கி. பட்டாம்பூச்சி கேட்ட அண்ணியின் மனு, பட்டாம்பூச்சி மிருகம் இல்லை என்று தள்ளுபடியாகி, அண்ணி காண்டாமிருகம் ஆனாள். புலி சித்தப்பாதான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

முகத்துக்கு வண்ணம் பூச அண்ணியின் தம்பியைக் கூப்பிட்டார்கள். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவன். வீட்டில் எல்லாருக்கும் அவன் பிளேட்டு. கடையில் வாங்கிய குழந்தைகள் வண்ணம் பாதி முதலையோடு தீர்ந்துபோனது. பெரியவர்களுக்கு எதற்கு அதெல்லாம் என்று பிளேட்டு தன் பையிலிருந்து சொந்தச் சரக்கை எடுத்தான். முதலில் உட்கார்ந்தது சின்னவன். வேலை முடிந்ததும் பிளேட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துப் பெருமையாகச் சொன்னான்: "மழை வெயில் எதுக்கும் அசையாது மச்சான். அஞ்சு வருஷம் கேரண்டி."

அடுத்து அண்ணி உட்காரும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"அப்பா உன்னைக் கேக்குறாரு."

"என்னவாம்? கட்டில் மறுபடியும் இறங்கலையா?"

"கட்டில் இல்லடா. உன்னைத்தான்."

"டாக்டர் என்ன சொல்றாரு? வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புறேன்னாரே?"

"நீ வாயேன்" என்றாள்.

உண்மையில் அன்று சாயங்காலம் அப்பாவோடு இருக்கவேண்டியது சின்னவனின் முறை. புலி இல்லாத காட்டில் கேக் வெட்டமாட்டேன் என்று அண்ணன் மகள் அடம்பிடித்ததால் அக்காவிடம் மாற்றிக்கொண்டான். அப்பாவும் அதற்கு ஒப்புக்கொண்டார் என்று அக்கா சொன்னாள். அதாவது, தலையை ஆட்டினார்.

அப்பா ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப்பேரை ஃபெயில் ஆக்கியவர். பத்தொன்பது வயதில் சின்னவன் சோதனைக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து, மகனை 'நீங்க' என்று கூப்பிட்டு, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று ஃபெயில் போட்டார். சின்னவன் திரும்ப விண்ணப்பிக்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் சண்டை போட்டதில்லை. பேசாமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஃபேனைக் குறை, கதவைச் சாத்து, இப்படிப் பேசினார்கள். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் ஏதாவது அசையாமல் நின்றுவிட்டால் அப்பா அவனைக் கூப்பிடுவார். எதுவும் பழுதாகாத ஒரு நாளில் அவனைக் கேட்கிறார் என்பது இதுதான் முதல் தடவை. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போய் நின்றுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவன் கதவைத் திறந்தான். அட்டைக் கழுத்தோடு அண்ணன் நின்றான். பின்னால் பிளேட்டு, கையில் ஒரு புட்டி.

"தின்னர் போட்டா போயிடும் மச்சான். ஆனா கண்ணுகிட்ட வேணாம். வாய்கிட்டயும் வேணாம்."

"அப்ப எங்கடா போடுறது?"

பிளேட்டு யோசித்து, தாடையில் போட்டுப் பார்த்தான். வரி அப்படியே இருந்தது. தோல் சிவந்தது.

"விடு. நான் கிளம்புறேன்" என்றான் சின்னவன்.

"ரொம்ப முடியலையாமா?" அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கட்டிலுக்காகக் கூப்பிடலை."

அண்ணன் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தைக் கழற்றினான். கூடத்திலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப மாட்டிக்கொண்டான். "பிள்ளைங்களை எல்லாம் பெத்தவங்க விட்டுட்டுப் போயிருக்காங்க, ஆறு மணிக்குத்தான் வருவாங்க. கேக்கை வெட்டிட்டு வந்துடுறேன்டா. நீ முன்னால போ."

வாசலில் பிறந்தநாள்காரி வழிமறித்தாள்.

"உறுமாம போகக் கூடாது சித்தப்பா."

சின்னவன் உறுமினான். அவ்வளவு சுமாராக எந்தப் புலியும் உறுமியிருக்காது. பிள்ளைகள் அலறிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஓடினார்கள்.

தெருமுனையில் இரண்டு டாக்சிகள் வேகம் குறைத்து, முகத்தைப் பார்த்து, வேகம் கூட்டின. பஸ் நின்றது. பஸ் எதற்கும் நிற்கும். உட்காரக் கிடைத்த இடத்தில், ஜன்னலோரம் பையை மடியில் வைத்திருந்த பெண்மணி அவனைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள்.

"எந்தக் கடைக்கு விளம்பரம்?"

"கடையெல்லாம் இல்லைங்க."

"திறந்தாச்சா, இனிமேதானா?"

"இனிமேதான்" என்றான். அதுதான் சுருக்கமான வழி.

"தள்ளுபடி உண்டா?"

"இருக்கும்."

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். எல்லாரும் ஒருமுறை முன்னால் போய் வந்தார்கள். போன் அடித்தது.

"எங்கடா இருக்க?"

"பாலம் ஏறப்போகுது."

"சீக்கிரம் வா. இப்பத்தான் நல்லா தெளிவா பேசுறாரு."

"தெளிவா பேசினா நல்லதுதானே?"

"நீ வா முதல்ல" என்றாள் அக்கா. அவள் சொல்லாததை வைத்துக்கொண்டு அவன் பாலம் முழுக்க உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தபோதே வைத்துவிட்டாள். முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தது. இறங்கி நடந்தால் சீக்கிரம் போகலாமா என்று எழுந்தான், பஸ் நகர்ந்தது, உட்கார்ந்தான், பஸ் நின்றது.

"ஏன் தம்பி, காலு வலிக்குதா?" என்றாள் பெண்மணி.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். "குழந்தைங்க வார்டு மூணாவது மாடி. பலூன் இருந்தா இங்கயே வெச்சுட்டுப் போகணும்."

"நாலாவது மாடிங்க. எங்க அப்பா."

காவலாளி அவன் கண்களைப் பார்த்தார். முகத்தில் வண்ணம் பூசாத இடம் அது மட்டும்தான். "போங்க சார்" என்றார்.

லிஃப்ட் மேலேயிருந்து வரும் சத்தத்திலேயே அது எல்லா மாடியிலும் நின்று வரும் என்று சின்னவனுக்குத் தெரிந்தது. படியில் ஓடினான்.

அறையில் அப்பா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்தது போலத் தெளிவாக இருந்தது. அக்கா குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலைப் பார்த்தார். பார்த்து, நிதானமாகச் சொன்னார்:

"புலி வந்திருக்கு."

"புலியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றாள் அக்கா, நிமிராமலே.

அவளைக் குறை சொல்ல முடியாது. மருந்து மாற்றியதிலிருந்து மூன்று நாளாக அப்பாவுக்கு அறைக்குள் மிருகங்கள் வந்துகொண்டிருந்தன. நாற்காலிக்கு அடியில் ஒரு நாய். ஓர் ஆடு லைசென்ஸ் கேட்டு வந்து, கண் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டது. வீட்டில் விருந்து நடக்கும்போது இதை எதற்குச் சொல்வது என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டால் போய்விடும் என்று சொல்லுங்கள், இதுதான் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. அப்பா விதி என்று எதைச் சொன்னாலும் கேட்பவர். கண்ணை மூடினார், அவையும் போயின. சொல்லிச் சொல்லி அக்காவின் வாய்க்கு அது பழகிவிட்டது.

அக்கா தலையைத் தூக்கினாள். பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

"அப்பா… இது சின்னவன்."

"சின்னவனா?"

"ஆமாப்பா."

"இப்பத்தான் ஒண்ணும் இல்லைன்னே."

"தெரியாம சொல்லிட்டேன்பா. நம்ம சின்னவன்தான். நல்லா பாருங்க."

அப்பா நல்லா பார்த்தார். ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசினால் எதை நம்புவது என்று பல வருஷம் பழகிய பார்வை. "சரிம்மா" என்றார், இனி தேறமாட்டார் என்று தெரிந்த ஆளிடம் பேசும் பரிவோடு. கண்ணை மூடிக்கொண்டார். "போனதும் சொல்லு. சின்னவன் வர்ற நேரம்."

"அப்பா, நான்தான்ப்பா."

இமைகள் இன்னும் இறுகின.

அக்கா அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். "பேசாதடா. நேத்து நாய் பேசிச்சுன்னு ராத்திரி பூரா தூங்கலை. என்னடா இது மூஞ்சி?"

"பிளேட்டு."

"எந்தப் பிளேட்டு?"

"அண்ணி தம்பி."

"துடைச்சுட்டு வரக் கூடாதா?"

"அஞ்சு வருஷம் கேரண்டியாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பாதியில் அது வேறு ஏதோ ஆகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "காலையிலிருந்து சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு… டாக்டர் பார்த்துட்டுப் போயிட்டாரு. இன்னிக்குப் பொழுது தாண்டினா பெரிய விஷயம்ன்னாரு."

நர்ஸ் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் இதைவிட விநோதமான முகங்களை அவள் பார்த்திருக்கக்கூடும். சின்னவன் வெளி வாஷ்பேசினில் நின்று தேய்த்தான். எரிந்தது. இன்னும் தேய்த்தான். அறைக்குள் அப்பா இருமும் சத்தம் கேட்டது; இருமல் நின்றது; நின்றதும் அவன் கையும் நின்றது. மறுபடி இருமியபின் தேய்த்தான். ஒரு பக்கம் ஆரஞ்சு கரைந்து கருப்பு இழுபட்டு, புலி போய் அடிபட்ட புலி வந்தது. பஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

அப்பா இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்கா சொல்லும்வரை திறக்கமாட்டார். திறந்தால் புலி. சின்னவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் மூச்சு இப்போது ஒரு படி ஏறி, யோசித்து, இறங்கியது.

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. கையை மட்டும் அப்பாவின் கைக்குள் வைத்தான்.

அப்பாவின் விரல்கள் முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு மெதுவாக நகர்ந்தன. கிரீஸ் ஏறிக் காய்த்த உள்ளங்கை, விரல் முட்டி, கட்டைவிரல். அங்கே நகம் பாதிதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்ட் கதவு கொண்டுபோன நகம். அன்றைக்குக் கட்டுப் போட அழைத்துப்போய், போகவர ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர் அப்பாதான். விரல் அந்த விளிம்பில் நின்றது. திரும்ப ஒருமுறை தடவிப் பார்த்தது.

"எப்ப வந்தே?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இப்பத்தான்ப்பா."

"டாக்சியா?"

"பஸ்ல."

"டிரைவர் எப்படி?"

"பிரேக்கை உதைக்கிறான்."

"யாரு பாஸ் போட்டாங்களோ" என்றார் அப்பா.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கேக் வெட்டியாகியிருக்கும். அதிர்ந்து ஓய்ந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கப்பா."

மூச்சு ஏறி இறங்குவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சின்னவன் காதைக் கொண்டுபோனான். அப்பாவின் உதட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் அவன் முகம் எப்போதும் போனதில்லை.

"ரூம்ல ஒரு புலி நிக்குது."

சின்னவன் காதை அங்கேயே வைத்திருந்தான்.

"உங்க அக்காவுக்குத் தெரியலை. ஏதேதோ சொல்றா. அவகிட்ட சொல்லாத, பயந்துக்குவா."

"சரிப்பா."

"ஒண்ணும் பண்ணாது. கண்ணை மூடிக்க. தானா போயிடும்." கை இறுகியது. "நான் பிடிச்சிருக்கேன்ல."

"ம்."

"மூடிட்டியா?"

லைசென்ஸ் சோதனையில் கேட்ட அதே குரல். அதற்கு யாரும் பொய் சொன்னதில்லை. சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மூடிட்டேன்பா."

"நான் சொல்றவரைக்கும் திறக்காத."

இருட்டில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. மூச்சு ஒரு படி ஏறியது, இறங்கியது. ஏறியது. வெளியே யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். கை எப்போது தளர்ந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவன் கை அதை விடாமல் பிடித்திருந்ததால். அக்காவின் பக்கமிருந்தும் சத்தம் இல்லை.

கதவு திறந்தது. நர்ஸின் செருப்பு உள்ளே இரண்டடி வந்து நின்றது. அறையிலிருந்த மூன்று பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.