கெஷேயின் கை

குதிரை பழக்கும் கூடத்துக்குள் யாரும் சட்டென்று நுழைந்துவிட முடியாது. வெளியே நின்று, “கதவு திறக்கலாமா?” என்று உரக்கக் கேட்க வேண்டும். உள்ளே குதிரைமேல் இருப்பவர் “திறக்கலாம்” என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும். குதிரை மிரண்டு ஆளைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்படுத்திய வழக்கம். அது தன்னுடைய திருட்டுத்தனத்துக்குக் காவல் நிற்கும் என்று வீப்கே கனவிலும் நினைத்ததில்லை.

அன்று அக்டோபர் மழை. எல்பே ஆற்றின் கரையைத் தாண்டி வந்த காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்போல அடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே சிநேகிதி கெஷேயின் குரல் கேட்டது.

“கதவு திறக்கலாமா?”

வீப்கே லோர்பாஸை நிறுத்தினாள். “இன்னும் இல்ல! கொஞ்சம் இரு!” என்று கத்திவிட்டுக் குதிரையிலிருந்து குதித்தாள். லோர்பாஸின் முன்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டு வயிற்றுப் பட்டையிலிருந்த கொக்கியைக் கழற்றினாள். வாய் இரும்பின் வளையங்களிலிருந்து நீளமான தோல் வாரை உருவிச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “திறக்கலாம்!” என்றாள்.

கெஷே தொப்பலாக நனைந்திருந்தாள். வலது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

“என்னடி, உள்ள யாரையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியா? ஆம்பளன்னா சொல்லிடு, நான் அப்புறமா வரேன்.”

“சேணம் நகந்துடுச்சு,” என்றாள் வீப்கே.

கெஷே அதை அப்படியே நம்பினாள். அவள் சந்தேகப்படும் ரகமில்லை. வீப்கேவிடம் சந்தேகப்பட அவளுக்குக் காரணமும் இல்லை.

அந்த வாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இழுப்பு வார் என்று பெயர். ஒரு முனை குதிரையின் வயிற்றடியில் மாட்டியிருக்கும். மறுமுனை வாய் இரும்பின் வளையத்துக்குள் நுழைந்து, ஓட்டுகிறவரின் கைக்கு வரும். லேசாக இழுத்தால் போதும், எப்பேர்ப்பட்ட குதிரையும் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கழுத்தை வில்லாக வளைத்துவிடும். பார்க்கிறவனுக்கு அழகு. குதிரைக்கு வேறு வழியில்லாத அழகு. நல்ல கையில் அவசரத்துக்கு ஒரு மருந்து என்பார்கள். ஆனால் அந்த நல்ல கை தன்னுடையதுதான் என்று நினைக்காதவர் ஊரில் ஒருவர்கூட இல்லை.

அந்தக் குதிரையேற்றச் சங்கத்தில் இழுப்பு வாருக்குப் பரம எதிரி யார் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் வீப்கேவைத்தான் காட்டும். காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமைகளில் சங்கத்து ஆட்களுக்குச் சமதள ஓட்டம், அதாவது தடை தாண்டாமல் குதிரையை அழகாக நடத்தும் வித்தை, சொல்லிக்கொடுப்பாள். போன வருஷம் பல் டாக்டரின் மனைவி பளபளவென்று ஒரு வார் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தபோது, கூடத்தின் நடுவிலேயே நிறுத்தி, “தலையக் கட்டி இழுக்கறதுக்கு எதுக்கு குதிர? வீட்ல நாற்காலி இல்லியா?” என்று கேட்டு, எல்லார் முன்னாலும் கழற்ற வைத்தவள் அவள். அந்த அம்மாள் அழுதுகொண்டே போனவள் அப்புறம் திரும்பி வரவே இல்லை. வார் மட்டும் சேண அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீப்கே சட்டைக்குள் திணித்தது அதே வாரைத்தான்.

கெஷே ஆப்பிள் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது செப்டம்பரில். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும் வரை லகானைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். லோர்பாஸ் அவள் தொழுவத்திலேயே பிறந்தவன். ஈன்ற கையோடு தாய் செத்துப்போக, புட்டிப்பாலில் வளர்ந்தவன். அவனை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வராமல் வீப்கேவிடம் கொடுத்தாள். “உன் கைலதான்டி நிம்மதியா விட முடியும்,” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

நல்ல குதிரை லகானைத் தானே தேடி வந்து வாங்கிக்கொள்ளும். கையில் ஒரு சின்னக் கனம் தெரியும், குழந்தை நம் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. கெஷேயின் கையில் லோர்பாஸ் அப்படித்தான் நடப்பான். வீப்கே ஏறிய முதல் நாளே தலையை வானத்துக்குத் தூக்கிவிட்டான். முதுகு பள்ளமாக இறங்கியது. ஓட்டம் மாட்டு வண்டி ஆனது. பத்து நாள் பொறுமையாக இருந்திருந்தால் சரியாகியிருக்கும். அது வீப்கேவுக்கே தெரியும். ஊருக்கெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கூடத்தின் ஒரு பக்கம் கண்ணாடி போட்ட காபி அறை இருக்கிறதே, அங்கே ஓனோ உட்கார்ந்திருந்தார். ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வழிகாட்டக் கப்பல் இல்லாததால் எல்லார் குதிரைக்கும் வழிகாட்டுவார்.

“என்ன வீப்கே,” என்றார் கண்ணாடியைத் தள்ளித் திறந்து. “குதிரைக்கு நட்சத்திரம் எண்ணச் சொல்லிக்குடுக்கறியா? பகல்லயே ஆரம்பிச்சுட்டியே!”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியாரம்மா ஆயிற்றே, அவளும் சிரித்து வைத்தாள். முகம் மட்டும் காதுவரை எரிந்தது.

மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. ஆணியில் வார் இருந்தது. இன்று ஒரு நாள் மட்டும், தலையை எங்கே வைப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்க மட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பல் டாக்டரின் மனைவியும் இதையேதான் சொன்னாள் என்பது அவளுக்கு நினைவு வரத்தான் செய்தது. நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொக்கியை மாட்டினாள்.

ஒரு நாள் ஒரு வாரம் ஆனது, வாரம் மாதமானது. யாராவது வெளியிலிருந்து கதவு திறக்கக் கேட்டால் கழற்றி ஒளிக்கும் வித்தை கைக்குப் படிந்துவிட்டது. கூட்டம் வரும் நேரத்துக்கு வார் இல்லாமலே லோர்பாஸ் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றான். ஓனோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை தட்டினார். “கைன்னா இது கை! கெஷே வந்து பாத்தா மயங்கி விழுந்துடுவா!” அந்தப் பாராட்டை வீப்கே மறுக்கவில்லை. வெட்கம் இல்லாமல் வாங்கிக்கொண்டாள். வெட்கமெல்லாம் பிறகு வட்டி போட்டு வந்தது.

கெஷே மட்டும் மழையில் நனைந்து வந்த அன்று சற்று நேரம் பார்த்துவிட்டு, “ரொம்ப வளைஞ்சிருக்கானே, வீப்கே?” என்று கேட்டாள்.

“கூரச் சத்தம். பயந்துபோய் இருக்கான்.”

“அதான பாத்தேன்,” என்றாள் கெஷே.

டிசம்பர் தொடக்கத்தில் கெஷே கட்டுப் பிரித்துக்கொண்டு வந்தாள். மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பு. லோர்பாஸின் நெற்றியில் நெற்றியை வைத்து என்னவோ முணுமுணுத்துவிட்டு ஏறினாள். லகானை எடுத்தாள். எடுத்த அந்த நொடியிலேயே லோர்பாஸ் தாடையை நெஞ்சுக்குள் மடக்கிக்கொண்டான். அவள் கையை முன்னால் கொடுத்தாள். அவன் வரவில்லை. லகான் தொங்கியது. அவள் மெதுவாகத் தேடினாள். அவன் இன்னும் உள்ளே சுருண்டான். கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் கையில் ஒரு கனமும் இல்லை.

வீப்கே சுவரோரம் நின்று பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கூடத்திலேயே அவளுக்கு மட்டும் தெரியும்.

கெஷே விடவில்லை. வாய் இரும்பை மாற்றி ரப்பர் போட்டாள். கையுறையைக் கழற்றினாள், மெல்லிய கையுறை போட்டாள். வீட்டில் வெந்நீரில் கையை வைத்து விரல் விரலாகப் பிசைந்தாள். எல்லாம் செய்துவிட்டு ஒரு நாள் காபி அறையில் வீப்கேவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“முடிஞ்சுதுடி. என் கை செத்துப் போச்சு.”

“இப்பதான கட்டுப் பிரிச்சிருக்க. அதெல்லாம் சரியாகும்.”

“உனக்குப் புரியல. நான் லகானத் தொட்டா அவன் பயப்படறான். வெரலப் புடிச்சிட்டு நடந்த புள்ள கைய உதறிட்டுப் போன மாதிரி இருக்கு. அந்தத் தகடு வச்சதுல இருந்து என் கை கல்லாயிடுச்சு, எனக்கே தெரியாம அவன இழுக்கறேன்.” கெஷே தழும்பைத் தேய்த்துக்கொண்டாள். “உன்கிட்ட எவ்ளோ அழகாப் போறான்! ஓனோ சொன்னாரு. அவன நீயே வச்சுக்கோ. தொழுவம் என்னோடதாவே இருக்கட்டும், குதிர உன்னோடது. ஞாயித்துக்கிழம காபிக்கு எல்லாரும் வருவாங்கல்ல, அப்ப சொல்லிடறேன். நான் இனிமே ஏறல.”

வீப்கேவின் சொந்தக் குதிரை செத்து நாலு வருஷம் ஆகிறது. லோர்பாஸ் தனக்கு என்று கேட்டதும் அவள் நெஞ்சில் சந்தோஷம் ஒன்று துள்ளியது. ஒரே ஒரு நொடிதான். பிறகு எத்தனையோ தடவை அவளைச் சுட்டது அந்த நொடிதான். வார் மாட்டியதைக்கூட அவள் தன்னிடம் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பாள். சிநேகிதி தன் கையையே பழி சொல்லி அழும்போது உள்ளே துள்ளினாளே, அதற்கு எந்தச் சமாதானமும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் மழை. கெஷே கேட்டுக்கொண்டபடி வீப்கே முன்னதாகவே வந்து லோர்பாஸ்மேல் ஏறி அவனைக் கூடத்துக்குள் நடக்க விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார்கள். ஓனோ வெண்ணெய்க் கேக்கின் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

“கதவு திறக்கலாமா?”

“திறக்கலாம்,” என்றாள் வீப்கே உடனே.

கெஷே உள்ளே வந்தாள். “அட! இன்னைக்கு மட்டும் கேட்ட ஒடனே...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வீப்கேவின் கழுத்தில் அந்த வார் மாலைபோலத் தொங்கியது.

“என்னது அது?”

“இழுப்பு வார்.”

“தெரியுது. யாருக்கு?”

வீப்கே எவ்வளவோ வார்த்தைகளைத் தயாராக்கி வைத்திருந்தாள். “லோர்பாஸுக்கு,” என்றாள். “நீ விழுந்து கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சேன். யாரும் இல்லாத நேரமாப் பாத்து.”

“அன்னைக்கு மழையில என்ன நிக்க வச்சியே...”

“அப்பவும்தான். சேணம் நகரல. இதத்தான் கழட்டிட்டிருந்தேன். உன் கைல ஒரு கொறையும் இல்ல கெஷே. அவன் பயப்படறது என் கைக்கு.”

கண்ணாடிக்குப் பின்னால் ஓனோவின் கையில் கேக் பாதி வழியில் நின்றது. கேட்கட்டும் என்றுதான் வீப்கே உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

கெஷே தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தெனமும் திட்டினேன்டி இந்தக் கைய,” என்றாள். குரல் உயரவே இல்லை. “நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்த.”

வீப்கே தலையைக் குனிந்துகொண்டாள்.

“எறங்கு.”

இறங்கினாள். லோர்பாஸைக் கெஷேயிடம் கூட்டிப்போக லகானைப் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை, சும்மா விரலால் தொட்டதுதான். லோர்பாஸ் தாடையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கெஷேயும் பார்த்தாள்.

“விடு,” என்றாள் கெஷே. “கைய எடு அவன் மேலேர்ந்து.”

எடுத்தாள்.

“என் தொப்பி சேண அறைல இருக்கு. கொண்டு வா.”

வீப்கே வெளியே போனாள். காபி அறை வாசலில் ஓனோ நின்றிருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் மனிதர். இன்று வழியை மட்டும் விட்டு ஒதுங்கினார். கேலி செய்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். சேண அறையில் வாரைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். தொப்பியை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து கதவுக்கு வந்தாள்.

“கதவு திறக்கலாமா?”

பலகை இடுக்கு வழியாக மணலில் குளம்புச் சத்தம் கேட்டது. நின்று நின்று வரும் நடை. நடுவில் கெஷேயின் குரல், குழந்தையிடம் பேசுவதுபோல. “இது நான்டா. என் கைதான்டா. பாரு, ஒண்ணும் பண்ணாது. பாரு.” பிறகு மறுபடி முதலிலிருந்து, “இது நான்டா.”

“கெஷே... கதவு திறக்கலாமா?”

“இன்னும் இல்ல,” என்றாள் கெஷே உள்ளேயிருந்து. “இரு.”

வீப்கே இருந்தாள். மழை முதுகு வழியாக உள்ளே இறங்கியது. தொப்பி நனையாமல் இருக்க அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைக்காமல் அங்கேயே நின்றாள்.