வெள்ளைத் துணிக்கடையின் முகப்பு

"பேருதான் என்னுது ஷைலா. கடை உன்னுது. என்னிக்கி வேணும்னாலும் கேளு, மறுநாளே உம்பேருக்கு மாத்திக் குடுத்துடறேன்."

"கேக்கணுமா?"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. பாதாம் பால் ஆறுது, குடிங்க."

"கேட்டாதானே உனக்கு வேணும்னு எனக்குத் தெரியும்?"

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் பால்கடை வாசலில் நின்றபடி ஏனோக் சொன்னது இது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. அன்று காலையில்தான் ஷைலாவின் அப்பா சகாயம் தன் கடையின் கத்தாவை மருமகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். கத்தா என்றால் சொத்து யாருடையது என்று சொல்லும் பதிவு. அதில் இருக்கிற பெயருக்குத்தான் ஆபீஸில் நாற்காலி போடுவார்கள்.

மகள் இருக்க மருமகன் பெயருக்கு ஏன்? சகாயம் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் பிள்ளை பெற்றதும் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில். அந்த வீடுகள் ஆண்பிள்ளை பெயரில்தான் இருக்கும். அவன் ஷிப்டுக்குப் போகிறவரை குடும்பத்துக்குக் கூரை. அவன் கண்ணை மூடினால் பெண்டாட்டி பிள்ளைகள் சட்டி பானையோடு தெருவில். அப்படித் தெருவுக்கு வந்த அத்தைகளையும் சித்திகளையும் பார்த்துப் பார்த்து, வேலையில் இருக்கிற ஆண்பிள்ளையின் பெயர்தான் சுவரும் கூரையும் என்று அவருக்குள் ஊறிவிட்டது. இது தன் சொந்தக் காசில் வாங்கிய கடை, கம்பெனிக்கு இதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவேயில்லை. ஃபேக்டரியில் நிரந்தர வேலையோடு ஒரு மருமகன் கிடைத்தவுடன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஷைலா கேட்கவில்லை. அப்பா இறந்தபோது ஒருமுறை தொண்டைவரை வந்தது. ஆனால் கேட்பது என்றால், உங்களை நம்பவில்லை என்று சொல்வது போலத்தானே? நம்பாமல் இருக்கும்படி அவன் என்ன செய்தான்? கிறிஸ்துமஸ் நெருக்கடியில் அவள் தைத்துக்கொண்டே இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக வாயில் ஊட்டுவான். ஞாயிறு மாலை கோயிலிலிருந்து வந்ததும், அவளுடைய ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைப்பான். மணப்பெண்கள் தலையில் போடும் நெட்டை அவன் மடிக்கிற அழகைப் பார்த்தால் அவளுக்கே பொறாமையாக இருக்கும். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது அவனுக்கு. ஸ்கூட்டரைக் கேட்டால் சாவி. ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை. இந்தக் குணத்துக்காகவே அவனை நேசித்தவள் அவள்.

கடையில் விற்பது வெள்ளை. கல்யாண கவுன், நெட், கோயிலில் முதல்முறையாகப் புது நன்மை அப்பம் வாங்கும் பிள்ளைகளுக்கு ஃபிராக். ஆனால் கடையின் முகப்போ அழுகல். ஒன்றன்பின் ஒன்றாகக் காடியில் செருகும் பழைய காலத்துப் பலகைகள். தெருமுனையில் சாராயக்கடை. இரவில் அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பலகைதான் மறைவு. வருஷக்கணக்காக மூத்திரம் குடித்துக் குடித்து அடிப்பலகைகள் கறுத்து, நனைந்த ரொட்டி போலப் பிதுங்கிக் கிடந்தன. மேலே வெற்றிலை எச்சில், சளி, சில நாள் வாந்தி. காலையில் அதற்கென்று வைத்திருக்கும் பழம்புடவையைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் ஷைலா பலகையில் கை வைப்பாள். மனுஷர்களா இவர்கள் என்று தினமும் குமட்டும். காற்று மாதம் வந்தால் இன்னொரு கொடுமை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் சாம்பல் தூசி பலகை இடுக்கு வழியாகப் புகுந்து, வெள்ளை சாட்டின்மேல் போர்வை போலப் படுத்துக்கொள்ளும்.

போன பொங்கல் கழிந்து பேத்தமங்களாவிலிருந்து ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். வாசலிலேயே அந்தம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா, இது கல்யாண உடுப்பு விக்கிற எடமா, கக்கூஸா? வாடி போலாம்."

அன்று மதியம் ஷைலாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஏனோக்கிடம் சொன்னாள். பலகையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு பொம்மைக்குக் கவுன் போட்டு நிறுத்தி, இரவெல்லாம் விளக்கு எரிய விட வேண்டும். வெளிச்சம் இருந்தால் எவனும் நிற்க மாட்டான்.

"ஜோரா பண்ணிடலாம்" என்றான் ஏனோக்.

முகப்பை மாற்ற நகரசபையில் அனுமதி வாங்க வேண்டும். கத்தா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏனோக் லீவு போட்டுப் போட்டு அலைந்தான். இரண்டுமுறை ஷைலாவும் கூடப் போனாள். வராந்தாவில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றதுதான் மிச்சம். "ஓனர் மட்டும் வாங்க" என்றார்கள். அப்பா வாங்கி, அம்மா தையல் தொடங்கி வைத்த கடை, தன் விரல் ரத்தம் பட்ட கடை, அதற்கு ஓனர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்! அன்றும் விழுங்கிக்கொண்டாள். கண்ணாடி வந்தால் போதும்.

ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் இடத்தைப் பார்க்க ஆள் வந்தது. நாகேஷ் என்று பெயர். ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் காகிதத்தில் எண்ணெய் சொட்டும் போண்டா. கூடவே ஏனோக்கின் அண்ணன் ஜெயகரனும் வந்து இறங்கினான், பல்லிடுக்கில் ஒரு குச்சியோடு. சுரங்கத்தை இன்றைக்கு மூடுவார்கள் நாளைக்கு மூடுவார்கள் என்று இழுத்துக்கொண்டிருந்த காலம். அவன் முன்கூட்டியே வேலையை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் இருந்தான்.

"வாங்க மாமா. இன்னா இந்தப் பக்கம், காலங்காத்தால?" என்றாள் ஷைலா.

"சும்மாதாம்மா. தம்பி கூப்டான்."

ஏனோக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

நாகேஷ் கடைசிப் போண்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். மேஜை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை இழுத்து இரண்டு கைகளையும் துடைத்தான். உதட்டையும் ஒற்றிக்கொண்டான்.

"அய்யய்யோ சார்! அது பொண்ணு தலையில போடற நெட்டு!" என்று அலறினாள் கடையில் கூடத் தைக்கிற ஐடா.

"அப்டியா? சொல்றதில்லையா? நான் கொசுவலைனு நெனச்சேன்" என்று சிரித்தான் அவன். வாய்க்குள் போண்டா புரண்டது.

மூன்று நாள் உட்கார்ந்து ஓரத்துக்கு முத்து வைத்த நெட். அதில் மஞ்சள் எண்ணெயாக ஐந்து விரல். ஷைலா நெட்டை எடுத்து மடித்து வைத்தாள். இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அளந்து முடித்த நாகேஷ் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸ் எடுத்தான். முகப்புக்குச் சரி நடுவில், பலகையின்மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்தான்.

"இந்தப் பக்கம் கண்ணாடி. அந்தப் பக்கம் ரோலிங் ஷட்டர். சரிதானே? ஆமா, கோழிக் கூண்டு எங்க வெப்பீங்க? உள்ளயா, வெளியவா? வெட்டிக் கழுவற தண்ணி ரோட்டுக்கு வரக்கூடாது, நேரா டிரெயினேஜுக்குப் போவணும். இல்லன்னா பர்மிஷன் நிக்காது."

"எந்தக் கோழி?" என்றாள் ஷைலா.

ஜெயகரன் வாயிலிருந்து குச்சியை எடுத்தான்.

"இன்னாடா தம்பி, நீ இன்னும் சொல்லலியா? பிராய்லர் கோழிமா. எத்தினி நாளிக்கி வூட்ல குந்திக்கினு இருக்கறது? எனக்கு பாதி எடம் போதும். கல்யாணத்துக்குத் துணியும் இங்கயே, பிரியாணிக்குக் கோழியும் இங்கயே. ஜனங்க எங்கியும் அலைய வேணாம் பாரு!"

"ஆமாண்ணே, மீந்த நெட்டக் கோழிக்கே போட்டுடலாம்" என்றாள் ஐடா.

அவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு சிரித்தான்.

ஷைலா அந்தக் கோட்டையே பார்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் முகம் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி. திரைக்குப் பின்னால் மணப்பெண்கள் கவுனைப் போட்டுப் பார்த்து, வெட்கமும் பயமுமாக அவள் கையைப் பிடித்துக்கொள்ளும் இடம். அந்த இடத்தில் இனி கட்டை, கத்தி, ஈ. டிரம்மில் துடிக்கிற கோழி. சுவரில் தெறித்த ரத்தம். ஈர இறகு பறந்து வந்து சாட்டினில் ஒட்டும். மூத்திர நாற்றத்தை விரட்டப் போனவளுக்குக் குடல் நாற்றம். அதுவும் கூரை போட்டு, அனுமதி வாங்கி!

நாடாவைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்திருந்த கணவனிடம் போனாள்.

"எப்ப குடுத்தீங்க?"

"அது... ஈஸ்டர் அப்போ. அண்ணன் கேட்டாரு ஷைலா. வாய்விட்டுக் கேக்கும்போது எப்பிடி இல்லேங்கறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன். நீ எதையும் கேக்கறவ இல்லியே."

ஈஸ்டர். அன்றைக்கு இரவும் அவன் ஆரஞ்சுப் பழம் உரித்தான். அவள் வாய் திறந்து வாங்கிக்கொண்டாள். கடையில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையால் சுளை ஊட்டியிருக்கிறான். நாக்கில் அந்தப் புளிப்பு இப்போது வந்து ஒட்டியது. துப்ப வேண்டும் போலிருந்தது.

நல்லவன், நல்லவன் என்று இத்தனை வருஷம் கொண்டாடினாளே. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறவன் கேட்காதவளுடையதை எடுத்துத்தானே கொடுத்திருக்கிறான்? அண்ணனுக்கு வெட்கமில்லை, கேட்டான். போண்டாக்காரனுக்கு வெட்கமில்லை, நெட்டை இழுத்துத் துடைத்தான். கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருந்தவள் அவள் ஒருத்திதான். தன்மேலேயே அருவருப்பாக வந்தது அவளுக்கு.

"ஓனர் சார், இங்க ஒரு சைன் போடுங்க" என்று நாகேஷ் கன்னடம் கலந்து அவசரப்படுத்தியபடி காகிதத்தை நீட்டினான். "பேக பேக. இன்னும் நாலு எடம் பாக்கணும். மேடம், ஸ்வல்ப தள்ளுங்க. ஓனர் வரட்டும்."

ஜெயகரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தான். ஏனோக் வாங்கிக்கொண்டான். கேட்டார்கள், அவ்வளவுதான். கை தானாகக் காகிதத்துக்குப் போயிற்று.

ஷைலா தள்ளி நிற்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் கழுவியும் அடங்காத ஈரம், பிசுபிசுப்பு. எந்த நாளும் வெறுங்கையால் தொடாத இடம். கையை எடுக்கவில்லை.

"ஏங்க."

குரல் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். பேனா நின்றது. ஏனோக் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா ஷைலா, எல்லாரும் இருக்கறாங்க. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம். பாதாம் பால் குடிச்சிக்கினே சொன்னீங்களே, கேட்டாதான் தெரியும்னு. இப்ப கேக்கறேன். மாமா முன்னாடியே கேக்கறேன், சார் முன்னாடியே கேக்கறேன். இந்தக் கடைய எம்பேருக்கு மாத்திக் குடுங்க."