மேட்டில் நிறுத்திய வண்டி

பின்சக்கரம் மறுபடியும் சுழன்று மணலை வாரி இறைத்தபோது, தன்னுடைய சிவப்புச் சேலை அதற்கடியில் சுருண்டு போவதைக் காந்திமதி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளே எடுத்துக் கொடுத்ததுதான். கால்மிதியைப் போட்டுப் பார்த்தாயிற்று, வண்டிக்குள் விரித்திருந்த ரப்பர் விரிப்பையும் போட்டாயிற்று. நீளமாக ஏதாவது வேண்டும் என்று அவள் கணவர் ஜீவானந்தம் கேட்டதும் யோசிக்காமல் பெட்டியிலிருந்து சேலையை உருவிக் கொடுத்துவிட்டாள். சக்கரம் அதில் பாதியை விழுங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. ஜெய்சல்மேரைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் மேற்கே வந்ததிலிருந்து செல்பேசியில் சிக்னல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணலும் முட்செடிகளும்தான். மேட்டுக்குக் கீழே, அவர்கள் விட்டுவிட்டு வந்த தார்ச்சாலை வெறுமையாகக் கிடந்தது.

சாலையை விட்டு இறங்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாப்பாட்டுக்காக ஓரமாக நிறுத்தி, அவள் குக்கரை ஏற்றியிருந்த நேரத்தில் மேற்கே மேகம் கறுத்தது. சாலை அந்த இடத்தில் பள்ளமாக இறங்கிப் போயிற்று. ஜீவானந்தம் மேகத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். “அடுப்ப அணை” என்றார். அந்தக் குரலை அவள் அறிவாள். அனகாபுத்தூரில், அடையாற்றை ஒட்டிய அவர்கள் தெருவில், தாழ்வு மண்டலம் என்று செய்தியில் ஒரு சொல் வந்தால் போதும். கார்களெல்லாம் பைபாஸ் பாலத்தின்மேல் ஏறி வரிசையாக நின்றுவிடும். முதலில் போவது ஜீவானந்தத்தின் கார்தான். பெருவெள்ளத்தில் புதுக் கார் கூரைவரை முங்கிய பிறகு அவருக்கு உலகம் மேடு, பள்ளம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டிருந்தது. வண்டலூர்ப் பட்டறையில் பழைய வேன் ஒன்றைக் கொடுத்து, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடுபோல் ஆக்கியவர், அந்த வீட்டையும் மேட்டில் ஏற்றி நிறுத்தினார். கண்ணாடியில் நாலு தூறல் விழுந்தது. புழுதியில் புள்ளிகள் காய்வதற்குள் மேகம் கலைந்துவிட்டது. வண்டி மட்டும் நின்ற இடத்தில் அமிழ்ந்துகொண்டிருந்தது.

“ஜல்லி, மணல்னு வாழ்நாள் பூரா வித்தீங்க” என்றாள். “கடைசில மணலே பிடிச்சு வச்சுக்கிச்சு.”

“அது ஆத்து மணல். லோடு லாரி ஏறினாலும் தாங்கும். இது மாவு.” அவர் இறங்கி வந்து சக்கரத்தை உதைத்தார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. “வெயிட்டு ஜாஸ்தி, காந்தி. டேங்க் ஃபுல்லா கீது. தொறந்து வுட்டுட்டா வண்டி மேல வந்துரும்.”

“தண்ணியையா?”

“பின்ன, உன்னையா தொறந்து வுடப்போறேன்?”

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். குடிதண்ணீர்க் கேன் காலையிலேயே காலி. பெட்ரோல் பங்கில் பிடித்த தொட்டித் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம்.

“அப்பவும் வண்டி மேல வரலைன்னா?”

“வரும்.”

“ரோட்டுல யாராச்சும் வர்ற வரைக்கும் இருந்து பாக்கலாங்க.”

“காலையிலேர்ந்து எத்தினி வண்டி பாத்த? ஒரு மிலிட்டரி லாரி. அவனும் நிக்கல.”

வரும் என்று அவர் சொன்ன விதம் அவளை உறுத்தியது. வெள்ளத்தன்று தெருவில் தண்ணீர் கரண்டைக்கால் அளவு ஏறியபோது, இப்போதே கிளம்பிவிடலாம் என்று அவள் கெஞ்சினாள். ஒண்ணும் ஆவாது என்று இதே குரலில்தான் சொன்னார். மறுநாள் மொட்டைமாடியில் நின்றார்கள். சுற்றிலும் கறுப்பாக ஓடிய தண்ணீரில் சிலிண்டரும் நாற்காலியும் மிதந்து போயின. குடிக்க ஒரு வாய் இல்லை. மழையும் விட்டிருந்தது. மகள் ரேஷ்மா அப்போது சின்னப் பெண். தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு உதட்டை நக்க ஆரம்பித்தாள். காந்திமதி மாடிச் சுவரின் ஈரத்தைத் துப்பட்டாவால் ஒற்றி அந்த வாயில் பிழிந்தாள். வெள்ளத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஜீவானந்தம் சுவரில் கைவைத்து, இதுவரைக்கும் ஏறிச்சு என்று காட்டுவார். அவர் சொல்லும் கதையில் அந்தத் துப்பட்டா இருக்காது. ஒரே மாடியிலிருந்து இறங்கினாலும் ஆளுக்கொரு பயத்தோடு இறங்கியிருந்தார்கள். இத்தனை வருஷமாக அவருடைய பயத்துக்கு மட்டுமே வீட்டில் இடமிருந்தது. அவளுடையதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஜீவானந்தம் வண்டியின் பின்னால் போனார். தொட்டியின் குழாய் அங்கேதான், பம்பருக்கு மேலே இருந்தது. அவர் குனிவதற்குள் காந்திமதி சுற்றிக்கொண்டு போய், குழாயை மறைத்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். தகரச் சூடு ரவிக்கையைத் தாண்டிச் சுட்டது.

“எழுந்திரு.”

“மாட்டேன்.”

“இன்னாடி இது, சின்னக் கொழந்தயாட்டம்? இருட்டினா இங்க இன்னா பண்ணுவ?”

“தண்ணி இருந்தா, விடிஞ்சப்புறம் என்ன பண்றதுன்னு யோசிக்கலாம்.” குழாயோடு முதுகை அழுத்திக்கொண்டாள். “ரேஷ்மாவுக்கு நான் சுவத்தைத் துடைச்சுப் பிழிஞ்சேன். உங்களுக்குத் தெரியுமா?”

 அவர் கை இடுப்பிலிருந்து நழுவியது. பிறகு முகம் இறுகிற்று. “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு முன்னால் போய் ஏறினார். இன்ஜின் உறுமியது. சக்கரம் எறிந்த மணல் அவள் மடியிலும் முகத்திலும் அறைந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எழுந்து ஓடவேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. இப்போது எழுந்தால் அப்புறம் எப்போதும் எழுந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அவள் தோளை அழுத்தியது. இன்ஜின் நின்றது.

கதவு திறக்கும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. அவர் வந்து எதிரே நின்றார். அவள் தலைமுடியெல்லாம் மணல். அவர் உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துவந்து நீட்டினார். அவள் திரும்பிக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து அரை டம்ளர் பிடித்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் மெதுவாக, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அப்போதுதான் சாலையின் கோடியில் புழுதிபோல ஏதோ எழுந்தது. லாரியாக இருக்கலாம். கானலாகவும் இருக்கலாம். ஜீவானந்தம் சக்கரத்தடியில் மண்டியிட்டு, சேலையைப் பற்றி இழுத்தார். நடுவில் கிழிந்து பாதிதான் வந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அறுபது வயதுக்காரர் ஏணியைப் பிடித்து மூச்சிரைக்க வண்டியின் கூரைமேல் ஏறினார். வெள்ளத்தின்போது மாடியில் நின்று மீட்புப் படகைப் பார்த்துத் துணியை வீசியதைப்போலவே, இரண்டு கையாலும் சேலையைத் தூக்கி வீசத் தொடங்கினார்.

“ஏதாச்சும் வர்ற மாதிரி இருக்கா?” என்று கீழிருந்து கேட்டாள்.

மேலே சேலை படபடத்துக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. காந்திமதி அது விழுமுன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.